கதவைத் திறந்தால் தெரிந்துவிடும்

டீடெய்லிங் முடிந்த காரை எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். முதலில் வண்டியைச் சுற்றி ஒரு நடை. பானெட்டில் குனிந்து தன் முகத்தைப் பார்ப்பது. "புது வண்டி மாதிரி இருக்குங்க" என்று ஒரு வார்த்தை. அடுத்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறப்பார்கள். அப்போது கண் போகிற இடம் பானெட் அல்ல. கதவு மூடியிருக்கும்போது மறைந்திருக்கும் விளிம்பு, கீல், ஏறும்போது கால் படுகிற படி. அங்கே பழைய சேறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால், நாள்கணக்கில் மெஷினோடு நின்று வாங்கிய பளபளப்புக்கு மரியாதை போய்விடும். பெரும்பாலும் அவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள், அடுத்த முறை வேறு கடைக்குப் போவார்கள்.

சென்னையில் இந்தத் தொழிலைச் செய்துவருகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் உண்டு. பாலிஷ், கோட்டிங் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வீடியோ போடுகிறார்கள், விலைப் பட்டியலில் பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு காரை உண்மையில் கெடுக்கிற அழுக்கு வெயில் படாத இடங்களில் இருக்கிறது. ஈரம் தங்குகிற இடம், தண்ணீர் வெளியேற வேண்டிய துளை, தினமும் கைபடுகிற ஆனால் யாரும் உற்றுப் பார்க்காத பகுதி. இந்தப் பதிவு முழுக்க அந்த இடங்களைப் பற்றித்தான். தொழிலுக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு நான் வாயால் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதி வைக்கிறேன். வண்டி வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும்.

கதவிலிருந்தே தொடங்குகிறேன்.

கார்க் கதவுக்குள் தண்ணீர் போகாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போகும். கண்ணாடி ஏறி இறங்குகிற இடத்தில் இருக்கிற ரப்பர் பீடிங் பெரும்பகுதி தண்ணீரைத் துடைத்துவிடும், முழுவதையும் அல்ல. மழையிலும் வாட்டர் வாஷிலும் கொஞ்சம் தண்ணீர் கண்ணாடியோடு வழிந்து கதவின் உள்கூட்டுக்குள் இறங்கும். அது தெரிந்தேதான் கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்து, குனிந்து, அடிப்பக்கத்தை விரலால் தடவினால் தட்டுப்படும். மண்ணும் காய்ந்த இலைத்தூளும் சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொண்டால், உள்ளே போன தண்ணீர் அங்கேயே நிற்கும். கதவைச் சாத்தும்போது உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் சில வண்டிகளில் தெளிவாகவே கேட்கும். கதவின் வெளித்தகடும் உள்தகடும் ஒன்றன்மேல் ஒன்று மடங்கிச் சேர்வதும் அந்த அடிவிளிம்பில்தான். துரு உள்ளேயிருந்து கிளம்பி, வெளியே பெயின்ட் கொப்புளமாக எழும்பும்போதுதான் நமக்குத் தெரியும். அப்போது டிங்கரிங் கடைக்குத்தான் போக வேண்டும். டீடெய்லிங்கில் அதற்கு வழியில்லை.

இந்தத் துளைகளைத் திறக்க நான் ஈர்க்குச்சி வைத்திருக்கிறேன். கம்பியோ ஸ்க்ரூடிரைவரோ விட்டால் துளையின் ஓரத்தில் பெயின்ட் உரியும், துரு பிடிக்க நாமே இடம் கொடுத்ததாகிவிடும். ஈர்க்குச்சி வளையும், கீறாது. குச்சியை விட்டதும் கறுப்பாக ஒரு கோடு தண்ணீர் வடியும் பாருங்கள், அது வடிந்து நிற்கும் வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. பெசன்ட் நகர், நீலாங்கரை, ஈ.சி.ஆர். பக்கம் நிற்கிற வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். கடல் காற்றில் வருகிற உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே பெய்யாத மாதத்திலும் அந்த மடிப்பு முழுதாகக் காய்வதில்லை.

கதவுக் கீல், கதவு எவ்வளவு திறக்கலாம் என்று பிடித்து நிறுத்துகிற பட்டை, இரண்டிலும் கிரீஸ் இருக்கும். பழைய கிரீஸ் மண்ணைப் பிடித்துக் கறுத்துப் போயிருக்கும். அதைத் துடைத்து எடுத்தால் மட்டும் போதாது. புதிதாகக் கொஞ்சம் கிரீஸ் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் அடுத்த வாரமே கதவு கிறீச்சிடும். "உங்ககிட்ட விட்டதுக்கப்புறம்தான் சத்தம் வருது" என்று வாடிக்கையாளர் சொன்னால் அது நியாயமான புகார்தான்.

அடுத்தது வைப்பருக்குக் கீழே இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. முன்கண்ணாடியில் விழுகிற மழைத் தண்ணீர் எல்லாம் அதன் வழியாகத்தான் இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள வழியில் வெளியேறும். ஏ.சி.க்கு வெளிக்காற்று உள்ளே போவதும் பெரும்பாலான கார்களில் அங்கேதான். மரத்தடியில் நிறுத்துகிற வண்டி என்றால் அந்தத் தட்டுக்கு அடியில் ஒரு சின்னக் குப்பைமேடே இருக்கும். பெரிய இலைகள் தொந்தரவில்லை, மேலேயே கிடக்கும், கையால் எடுத்துவிடலாம். புளிய இலை, மயில்கொன்றை இலை, வேப்பம்பூ, புங்கம்பூ மாதிரிப் பொடிப்பொடியாக உதிர்பவைதான் இடுக்கு வழியாக இறங்கி, நனைந்து, மட்கி, தண்ணீர் போகிற வழியை அடைத்துவிடும். தண்ணீர் மட்டம் ஏறினால் அது தேடுகிற அடுத்த வழி காருக்குள்தான். முன் இருக்கையில் மிதியடிக்குக் கீழே கார்பெட் நனைந்து, புளித்த வாடை வரும். வண்டிக்காரர் பெர்ஃப்யூம் வாங்கி மாட்டுவார். வாடை போகாது, ஏனென்றால் கார்பெட்டுக்கு அடியில் இருக்கிற பஞ்சுதான் தண்ணீரைக் குடித்திருக்கிறது.

கார்பெட் ஈரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏ.சி. ஓடும்போது உள்ளே உருவாகிற தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். ஏ.சி. போட்டு நிற்கிற காருக்கு அடியில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சொட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும். சன்ரூஃப் உள்ள வண்டியில் கூரையின் நான்கு மூலையிலும் வடிகால் குழாய் இருக்கும், அது கம்பத்துக்குள்ளேயே இறங்கிக் கீழே வரும். சன்ரூஃபைத் திறந்து அந்தச் சுற்றுவாய்க்காலைத் துடைத்து, ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே வடிகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதிகக் காற்றழுத்தம் கொடுத்து ஊதக் கூடாது. உள்ளே குழாய் கழன்றுவிட்டால் கூரைத்துணியையே பிரிக்க வேண்டியிருக்கும்.

இப்போது பாலிஷுக்கு வருகிறேன். அதில் தவறவிடப்படுவது பாலிஷ் போட்ட இடத்தில் இல்லை, பாலிஷ் தெறித்த இடத்தில் இருக்கிறது. லோகோ எழுத்துகளின் இடுக்கு, பானெட்டும் மட்கார்டும் சேர்கிற வெட்டு, டிக்கியின் விளிம்பு, டெயில் லாம்ப் ஓரம், கண்ணாடி பீடிங். காம்பவுண்ட் அங்கே போய் உட்கார்ந்து, காய்ந்து வெள்ளைப் பொடியாக நிற்கும். கறுப்பு வண்டியில் ஒரு வாரம் கழித்து முதல் வெயிலில் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெள்ளைக்கோடு தெரியும். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் படிந்த காம்பவுண்டை எடுப்பது அதைவிடக் கஷ்டம். அதனால் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் டேப் ஒட்டுவதுதான் பாதி வேலை. அவசரத்தில் டேப்பைக் குறைக்கிறவர் பிறகு பிரஷ்ஷோடு அதற்கு இரண்டு மடங்கு நேரம் உட்கார்ந்திருப்பார். கோட்டிங் அடிக்கப்போகிற வண்டி என்றால் இதில் சமரசமே கிடையாது. அந்த வெள்ளைப் பொடி கோட்டிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டால் மறுபடி தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

டேப்புக்கு இன்னொரு காரணம் விளிம்புகள். பெரும்பாலான கார்களில் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்துச் சுமார் 90 முதல் 140 மைக்ரான்தான். ஒரு சாதாரண ஜெராக்ஸ் தாள் சுமார் 100 மைக்ரான் கனம் என்றால் புரியும். அதில் மேலே இருக்கிற கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் இருந்தால் நல்லது. நாம் கீறல் எடுக்கிறோம் என்று சொல்வதெல்லாம் அந்த அடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான். கதவின் நடுவில் ஓடுகிற மடிப்புக்கோடு, பானெட்டின் கூர்விளிம்பு இவற்றில் பெயின்ட் மெலிந்திருக்கும், பஃபிங் பேடின் முழு அழுத்தமும் அந்த ஒரு கோட்டில்தான் விழும். மற்ற இடத்தில் ஐந்து முறை ஓட்டுகிற பேடை விளிம்பில் ஒரு முறை லேசாக ஓட்டினால் போதும். மீட்டர் வைத்து அளக்காமல் நான் எந்த வண்டியிலும் மெஷின் வைப்பதில்லை. ஒரு கதவில் மட்டும் 200க்கு மேல் காட்டினால் அது மறுபடி பெயின்ட் அடித்தது. இன்னும் பல மடங்கு காட்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். வெளியே அடித்த பெயின்ட் எல்லாக் கடையிலும் ஒரே தரத்தில் இருக்காது, பக்கத்துக் கதவில் தாங்கிய காம்பவுண்டை அது தாங்காமல் போகலாம். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் எதையும் காட்டாது. அங்கே அனுபவமும் பொறுமையும்தான் அளவுகோல். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது என்பதால் பம்பரில் பெயின்ட் சீக்கிரம் சூடேறும் என்பதையும் மறக்கக் கூடாது.

கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கிற குழிவு. மோதிரமும் நகமும் தினமும் உரசுகிற இடம் அது. பெரிய மெஷின் நுழையாது என்பதால் பல கடைகளில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கையால், விரல் அளவு பேடு வைத்துத் தேய்த்தால் போதும். வண்டிக்காரர் ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கக் கை நீட்டும்போது பார்க்கிற இடம் அது என்பதை நினைத்துக்கொண்டால் தேய்க்கத் தோன்றும்.

பெட்ரோல் மூடி. அதை மூடியபடியே கழுவுகிறார்கள். திறந்தால் உள்ளே டீசல் கசிந்து மண் பிடித்த கறுப்பு வட்டம். அந்தக் குழியிலும் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. அதற்குமேல் சொல்ல எதுவுமில்லை, திறந்து துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்பர் பிளேட்டுக்கும் தனிக் கவனம் வேண்டும். 2019 ஏப்ரல் முதல் வருகிற வண்டிகளில் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட். ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத பூட்டு. அதனால் அதன் பின்னால் சேர்கிற மண்ணைக் கழற்றி எடுக்க வழியில்லை. ஓரத்தில் மெல்லிய பிரஷ் விட்டு, தண்ணீரை மெதுவாக ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பிளேட்டின் ஹாலோகிராம் மேல் கடுமையான கெமிக்கலோ காம்பவுண்டோ பட்டால் அது மங்கும். மங்கினால் சாலையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வண்டிக்காரர்.

கண்ணாடி பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அழகு சம்பந்தப்பட்டதல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. வெயிலில் நிற்கிற காரில் டேஷ்போர்டு தொட முடியாத அளவு சூடாகும். பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்புகிற ஆவி முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படியும். பகலில் தெரியாது. இரவு ஜி.எஸ்.டி. ரோட்டில் எதிரே பஸ் ஹெட்லைட் அடித்தால் கண்ணாடி முழுக்கப் பாலாகிவிடும். டேஷ்போர்டில் பளபளவென்று சிலிக்கான் பாலிஷ் அடித்த வண்டியில் பகலிலும் அதன் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழுந்து கண் கூசும். அதனால்தான் எங்கள் கடையில் டேஷ்போர்டுக்குப் பளபளப்பு கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி மங்கலாக இருந்ததோ, அப்படியே இருக்க வேண்டும். "ஷைனிங்கே இல்லையே" என்று கேட்பவர்களுக்கு உட்கார்ந்து விளக்குவேன், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கண்ணாடி துடைக்க இரண்டு துணி. ஒன்று அழுக்கை எடுக்க, இன்னொன்று காய வைக்க. உள்பக்கம் மேலிருந்து கீழாகவும் வெளிப்பக்கம் இடமிருந்து வலமாகவும் துடைத்தால், கோடு விழுந்தால் எந்தப் பக்கத்துக் கோடு என்று உடனே தெரியும். பக்கக் கண்ணாடிகளை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டு மேல்விளிம்பைத் துடைக்க வேண்டும். ஏற்றியபடியே துடைத்தால் பீடிங்குக்குள் மறைந்திருக்கிற அழுக்குப் பட்டை அப்படியே இருக்கும், அடுத்த நாள் கண்ணாடியை இறக்கினால் முழுதாகத் தெரியும். பின்கண்ணாடியின் உள்பக்கம் ஓடுகிற மெல்லிய கோடுகள் பனிநீக்குகிற மின்கம்பிகள். ஸ்டிக்கர் எடுக்கிறேன் என்று அங்கே பிளேடு வைத்தால் கோடு அறுந்துவிடும். அந்தக் கோடுகள் போகிற திசையிலேயே மெதுவாகத் துடைக்க வேண்டும். முன்கண்ணாடியில் இருக்கிற ஃபாஸ்டேகை உரித்தால் அது செயலிழந்துபோகும். சுற்றித் துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள். ரிவர்ஸ் கேமரா லென்ஸில் வேக்ஸ் படிந்திருக்கிறதா என்று வண்டியைக் கொடுப்பதற்கு முன் ரிவர்ஸ் கியர் போட்டு ஒருமுறை திரையைப் பாருங்கள். இதைச் செய்யாத கடைகளே அதிகம்.

உள்ளே வந்தால் முதலில் நான் பார்ப்பது ஸ்டியரிங். பழைய வண்டியில் ஸ்டியரிங் பளபளக்கிறது என்றால் அது லெதரின் பளபளப்பு அல்ல. கையின் வியர்வையும் எண்ணெயும் படிந்த மேல்பூச்சு. சுத்தமான லெதர் மங்கலாக, கொஞ்சம் உலர்ந்ததாகத்தான் இருக்கும். ஈரத்துணியில் மென்மையான கிளீனர் தொட்டு, மெல்லிய பிரஷ்ஷால் சுற்றினால் பழுப்பு நிற நுரை வரும். நுரை வெள்ளையாக வரும்வரை செய்ய வேண்டும். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் வழவழப்பான எதையும் பூசக் கூடாது. டயரில் பூசுகிற டிரெஸ்ஸிங்கையும் பக்கவாட்டில் மட்டும்தான் பூச வேண்டும், சாலையைத் தொடுகிற பட்டையில் படக் கூடாது. பூசியதும் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் சக்கரம் சுழலும்போது தெறித்து, கழுவிய கதவில் கறுப்புப் புள்ளிகளாக உட்காரும்.

சீட் பெல்ட். என்னைக் கேட்டால் ஒரு கடையின் தரத்தை அளக்க இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. வெளியே தொங்குகிற பகுதியை மட்டும் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள்: தோளில் படுகிற நீளத்துக்கு வியர்வைக் கறை ஒரு பட்டையாக ஓடும், அதற்குமேல் புதுத் துணி மாதிரி இருக்கும். முழுதாக இழுத்து, உள்ளே சுருண்டுபோகாதபடி ஒரு கிளிப் போட்டு, மென்மையான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு, ஈரத்துணியால் சோப்பை எடுத்து, நன்றாகக் காயும்வரை வெளியிலேயே விட வேண்டும். ஈரத்தோடு உள்ளே சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். ப்ளீச், சாயம் எதுவும் படக் கூடாது. அந்த நூலின் வலிமை குறைந்தால் விபத்தின்போது அது தாங்காது. தோள் உயரத்தில் பெல்ட் நுழைந்துவருகிற வளையத்தையும் துடைக்க வேண்டும். அங்கே படிகிற பிசுக்கால்தான் பல வண்டிகளில் பெல்ட் மெதுவாகச் சுருளும், கதவில் மாட்டிக்கொள்ளும். மோட்டார் பழுது என்று நினைத்து வருகிறவர்களிடம் அந்த வளையத்தைத் துடைத்துக் காட்டினால் ஆச்சரியப்படுவார்கள்.

நம் ஊர்க் கார்களில் மட்டும் நான் சேர்த்துப் பார்க்கிற ஒன்று, தலை சாய்க்கிற இடம். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலை ஹெட்ரெஸ்ட்டில் வருடக்கணக்காகச் சாய்ந்தால் அந்தத் துணியோ ரெக்சினோ ஓர் அடுக்கு எண்ணெயைக் குடித்துவைத்திருக்கும். சூடான நாளில் சிக்கு வாடை அங்கிருந்துதான் கிளம்பும், ஏ.சி.யிலிருந்து என்று எல்லோரும் நினைப்பார்கள். உயரமானவர்கள் ஓட்டுகிற வண்டியில் தலைக்கு மேலே கூரைத்துணியிலும் எண்ணெய்த் தடம் இருக்கும். கூரைத்துணியை மட்டும் எக்காரணம் கொண்டும் நனைக்கக் கூடாது. அது பசையால் ஒட்டியது, பசை இளகினால் துணி தொங்கிப்போகும். நுரையைத் துணியில் எடுத்து, ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும்.

இருக்கைக்கு அடியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. தண்ணீர் விடாதீர்கள், பிடித்து இழுக்காதீர்கள், கழற்றாதீர்கள். இருக்கையை முன்னே பின்னே நகர்த்தித் தண்டவாளத்தில் இருப்பதை வாக்குவம் செய்யுங்கள். அங்கே கிடைக்கிற நாணயம், கம்மல், பேனா, திருநீற்றுப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுங்கள். எதுவும் மதிப்பில்லாதது என்று நாம் முடிவு செய்யக் கூடாது. டேஷ்போர்டில் பிள்ளையாரோ, மாதாவோ, மெக்கா படமோ இருந்தால் நகர்த்துவதற்கு முன் கேளுங்கள். எங்கள் பசங்க கை கழுவிவிட்டுத்தான் தொடுவார்கள், எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். இருக்கையின் தூரம், கண்ணாடியின் கோணம் ஆகியவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பழையபடி வைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியில் டிராஃபிக்கில் சைடு மிரரைச் சரிசெய்துகொண்டு ஓட்ட வேண்டிய நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் வருகிற வண்டிகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ந்த குங்குமத்தையும் சந்தனத்தையும் துணியால் துடைக்கவே கூடாது. அது பொடி, துடைத்தால் கீறும். முதலில் தண்ணீரை ஓடவிட்டு ஊறவைத்து, தானாக இளகி ஓடிய பிறகுதான் ஷாம்பு. வெள்ளை வண்டியில் மஞ்சள் கறை நின்றால் பதறிக் காம்பவுண்டை எடுக்க வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கக்கூடியது, சில நாள் வெளியே நின்றால் பெரும்பாலும் போய்விடும். குங்குமத்தின் சாயம் அப்படியல்ல, அன்றே கழுவிவிட வேண்டும். வாழைக்கன்று கட்டிய இடத்தில் வடிந்த சாறு பழுப்புக் கறையாகும். மாலையை செல்லோடேப்பால் ஒட்டியிருந்தால் பசையைச் சுரண்டாமல் கரைத்து எடுக்க வேண்டும். இவையெல்லாம் வருடத்துக்கு ஒரு நாள் சமாச்சாரம். வருடம் முழுக்கப் பெயின்ட்டைத் தின்கிறது வேறொன்று: முன் பம்பரில் தொங்குகிற எலுமிச்சை மிளகாய்க் கம்பியும் கறுப்புத் திருஷ்டிக் கயிறும். ஓடும்போது காற்றில் ஆடி ஆடி, தூசியோடு சேர்ந்து ஒரே இடத்தில் அரைவட்டமாகத் தேய்க்கும். கழற்றச் சொல்வது என் வேலையல்ல. ஆடாதபடி குட்டையாகக் கட்டுங்கள், கம்பிக்குப் பதில் நூலில் கோர்த்துக் கட்டுங்கள் என்று சொல்வேன். கேட்டுக்கொள்கிறார்கள்.

தண்ணீர். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினமானது. வெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாக நிற்கும். நாள்பட்டால் கிளியர் கோட்டையே அரித்துத் தடம் போட்டுவிடும். நிழலில் கழுவுவது, ஒவ்வொரு பகுதியாகத் துடைப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தவறுவது கடைசியில். சைடு மிரரின் கூடு, டெயில் லாம்ப் ஓரம், லோகோ, பெட்ரோல் மூடி, கைப்பிடி இவற்றுக்குள் ஒளிந்திருக்கிற தண்ணீர், வண்டியைத் துடைத்து முடித்த பிறகுதான் மெல்ல இறங்கி, பளபளக்கிற கதவில் ஒரு வெள்ளைக்கோடு போடும். காற்று அடிக்கிற புளோயர் வாங்குவது இதற்காகத்தான். துணியும் கவனிக்கப்பட வேண்டும். வொர்க்ஷாப்பில் புழங்குகிற பனியன் வேஸ்ட் எஞ்சினுக்குச் சரி, பெயின்ட்டுக்கு ஆகாது. அதில் தையலும் பட்டனும்கூடச் சேர்ந்து வரும். மைக்ரோஃபைபர் துணியின் ஓரத்தில் இருக்கிற லேபிளை வெட்டிவிட வேண்டும், கம்ஃபர்ட் போட்டுத் துவைக்கக் கூடாது, தரையில் விழுந்த துணி அன்றைக்குப் பெயின்ட்டைத் தொடக் கூடாது. அடுக்குமாடிகளில் ஒரே வாளித் தண்ணீரில் வரிசையாக எல்லா வண்டியையும் துடைக்கிறார்களே, அந்த வாளியின் அடியில் இருக்கிற மண்தான் உங்கள் பானெட்டில் வெயிலில் தெரிகிற வட்ட வட்டக் கீறல்கள். துடைக்கிறவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை, அவருக்குக் கொடுப்பது மாதச் சம்பளமும் ஒரு வாளியும்தான். குடியிருப்புச் சங்கம் இரண்டாவது வாளியும் நல்ல துணியும் வாங்கிக் கொடுக்கலாம்.

இந்த மறைவான இடங்களை இவ்வளவு வற்புறுத்துவதற்கு 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் காரணம். தண்ணீரில் மூழ்கிய வண்டியை வெளியே எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது எங்கே காட்டிக்கொடுக்கும் என்றால், நான் மேலே சொன்ன இதே இடங்களில்தான். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் கடைசியில் தெரிகிற வண்டல் கோடு, இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி வைக்கிற குழியில் மெல்லிய மண், ஹெட்லாம்ப்பின் உள்ளே ஈரத்தின் தடம். பழைய கார் வாங்குகிறவர்கள் இந்த நான்கையும் பார்த்தால் போதும், பல ஏமாற்றங்களிலிருந்து தப்பிக்கலாம். "அந்தக் கோடு தெரியாம பண்ணிக் கொடுங்க, வண்டியை விக்கணும்" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. வண்டியைச் சுத்தம் செய்து தருவோம். மூழ்கிய தடம் பார்த்தோம் என்று ஜாப் கார்டில் எழுதியும் தருவோம். அது பிடிக்காமல் போகிறவர்கள் போகட்டும். அந்தக் காரில் ஒரு குடும்பம் ஏறப்போகிறது.

ஜாப் கார்டில் எழுதுவது நல்ல வண்டிகளுக்கும் உண்டு. கதவின் அடியில் துரு தொடங்கியிருக்கிறது, இடது முன்பக்கக் கார்பெட் ஈரம், பின்கதவு பீடிங் கிழிந்திருக்கிறது, பானெட் ஓரத்தில் பெயின்ட் 70 மைக்ரான்தான் இருக்கிறது, இனி அங்கே மெஷின் வைக்கக் கூடாது. சுத்தம் செய்கிறவன் கண்ணுக்குத்தான் இவை படும். சர்வீஸ் சென்டரில் யாரும் இவ்வளவு குனிவதில்லை. நீங்கள் எந்தக் கடையில் வண்டி விட்டாலும், எடுக்கப் போகும்போது பில்லோடு சேர்த்து "வண்டியில என்னென்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். கதவுத் துளைகளைத் திறந்தார்களா, கார்பெட்டை அழுத்திப் பார்த்தார்களா என்பது அவர்கள் சொல்கிற பதிலிலேயே தெரிந்துவிடும்.